கோபுரத்துக்கு அடியில கௌசிகா

செருப்ப வெளியவே விட்டுட்டு வா. ஆமா, அங்கதான். வீட்டுக்குள்ள செருப்போட நடக்கறது எனக்குப் புடிக்காது. முன்னாடி இருந்தவகிட்டயும் இதைத்தான் சொன்னேன், கேட்டாளா? கௌசிகான்னு பேரு அவளுக்கு. நீ பாக்க வந்திருக்கற ரூமு அவளோடதுதான். சன்னல் கெழக்கப் பாத்தது, காத்து நல்லா வரும். பிரான்சுக்கு வந்து, இந்தத் துலூஸ்ல இப்படியொரு ரூமு, அதுவும் தமிழ்ப் புள்ளகூட, உனக்கு வேற எங்கயும் கெடைக்காது.

ஏன் காலி பண்ணீட்டுப் போனான்னுதான கேக்க வர்ற? உன்ற மூஞ்சியிலயே தெரியுது. காலேஜ்ல அவ என்னென்னமோ சொல்லீட்டுத் திரியறா, உன்ற காதுலயும் விழுந்திருக்கும். உனக்கு முன்னாடி வந்து பாத்தவளும் பாதி கேட்டுட்டு, யோசிச்சுச் சொல்றேங்க்கான்னு போனவதான், திரும்பி வரவே இல்ல. நீயாவது முழுசாக் கேளு. உக்காரு. அந்தச் சேர் ஆடும், கட்டல்ல உக்காரு.

ஒன்னுமில்ல. ஒரு சனி ஞாயிறு பார்சிலோனா போனோம். அவ்வளவுதான். எல்லாரும் போறாங்க, இங்கிருந்து பஸ்ஸேறுனா ஸ்பெயின். போயி நாலு எடத்தப் பாத்துட்டு, போட்டோ எடுத்துட்டு வர்றாங்க. நாங்களும் அப்படித்தான் போனோம். அதுல நான் என்ன தப்புப் பண்ணேன்னு கடைசில நீயே சொல்லு.

எனக்குப் பெருந்துறை, அவளுக்குக் கோபி. ஊருல இருந்தப்ப ஒருத்தர ஒருத்தர் தெரியாது. கோயமுத்தூர் ஏர்போர்ட்டுலதான் மொதல்ல பாத்தோம். அவங்கம்மா, ஈஸ்வரி ஆண்ட்டி, என்ற கையப் புடிச்சுக்கிட்டு, "நீ பொறுப்பான புள்ளையாத் தெரியறே கண்ணு, உன்னைய நம்பித்தான் இவள அனுப்பறேன், பாத்துக்க"ன்னாங்க. கண்ணு நெறையத் தண்ணி. என்ற கையப் புடிச்சு அப்படி யாரும் சொன்னதில்ல. எங்க வீட்டுல என்னைய நம்பி ஒரு பால் பாக்கெட் வாங்கியாரச் சொல்ல மாட்டாங்க, அது வேற கதை.

அன்னிலிருந்து பாத்துக்கிட்டேன். காலைல எழுப்பி உடறது நான். சோறாக்கறது நான். சாப்பிட்டாளா, தூங்குனாளா, யாருகூடப் பேசறா, எத்தனை மணிக்கு வந்தா, எல்லாம் அன்னாடம் ஆண்ட்டிக்குச் சொல்லீருவேன். பெத்தவங்களுக்கு வெசனமா இருக்குமில்ல? அதுக்குப் போயி அவ வெச்ச பேரு உளவு. உளவாம். நாலு பேரு கேட்டாச் சிரிப்பாங்க.

இன்னொன்னும் உனக்குச் சொல்லணும். அவளுக்கு சத்தியமங்கலம் பக்கத்துல ஒரு எடம் பேசி வெச்சிருந்தாங்க. நல்ல குடும்பம். தை மாசம் நிச்சயம், படிப்பு முடிஞ்சதும் கல்யாணம். அவளும் சரின்னிருந்தா. சரின்னா, வேண்டாம்னு சொல்லல. படிப்ப மட்டும் பாதியில நிறுத்தக் கூடாதுன்னு அவங்கப்பாகிட்ட வாக்கு வாங்கியிருந்தா. படிப்புன்னா அவளுக்கு உசுரு. கட்டடம் எப்படி நிக்குதுங்கற படிப்பு. ஒரு பாலத்தப் பாத்தா நின்னுருவா, பஸ்ஸு போனாலும் தெரியாது. அப்படிப்பட்டவகூடக் குடித்தனம் பண்ணிப் பாரு.

அவ கிளாஸ்ல நூரியான்னு ஒருத்தி. பார்சிலோனாக்காரி. முடிய ஆம்பளையாட்டம் வெட்டியிருப்பா, வாயத் தொறந்தா மூட மாட்டா. அவங்க பேட்டையில திருவிழாவாம், அதுல மனுசங்க மேல மனுசங்க ஏறிக் கோபுரம் கட்டுவாங்களாம், உச்சிக்கு ஒரு சின்னக் கொழந்த ஏறுமாம், அவங்கப்பா அந்தக் கூட்டத்துல ஒருத்தராம், வந்து பாருன்னு கூப்பிட்டிருக்கா. இவ எங்கிட்ட வந்து மெதுவா, "அம்மாகிட்டச் சொல்லாத, ரெண்டு நாளும் லைப்ரரில இருப்பேன்னு சொல்லியிருக்கேன்"ங்கறா. தனியா உடுவனா? நானும் வரேன்னேன். அப்ப அவ மூஞ்சி போன போக்க நீ பாத்திருக்கணும்.

பஸ்ஸுல பாஸ்போர்ட்டு ரெண்டையும் நாந்தான் வெச்சிருந்தேன். பார்சிலோனாவுல பிக்பாக்கெட் எச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க, இவளோ பையத் தொறந்து போட்டுட்டு வானத்தப் பாத்துட்டு நடக்கறவ. குடுன்னு வாங்கி என்ற பைல போட்டு, பைய முன்னாடி நெஞ்சுல மாட்டிக்கிட்டேன். அதுக்கும் மொனகினா. விடியக் கருக்கல்ல எந்திரிச்சுப் புளிச்சாதம் கிண்டி, உருளைக்கெழங்கு வறுத்து, டப்பாவுல போட்டுக் கொண்டு போயிருந்தேன். தொட்டாளா? தொடல. எறங்குனதும் நூரியா ஒரு கடைக்குக் கூட்டீட்டுப் போனா. அங்க ரொட்டில தக்காளிய அறுத்துத் தேச்சுக் குடுக்கறான். தேச்சுட்டுத் தக்காளியத் தூக்கிப் போட்டர்றான். அதுக்கு ரெண்டு பேரும் ஆஹா ஓஹோங்கறாங்க. நான் அந்தக் கடை வாசல்ல நின்னு என்ற டப்பாவத் தொறந்து, தனியா நாந்தான் தின்னேன்.

அப்பறம் அந்தப் பெரிய சர்ச்சு. நூறு வருசத்துக்கு மேலாக் கட்டறாங்களாம். நம்மூர்ல இப்படி இழுத்தடிச்சா மேஸ்திரிய உட்டு வெப்பாங்களா? இவ கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டே இருக்கறா. ஒரு போட்டோ எடுக்கலாம்னு கூப்பிடறேன், வர மாட்டேங்கறா. தூணெல்லாம் சாஞ்சு நிக்குதாம், பாரம் எப்படிக் கீழ எறங்குது பாருங்கறா. ரெண்டு பையும் தூக்கிட்டு நான் நிக்கறனே, அந்தப் பாரம் கண்ணுக்குத் தெரியலையான்னு கேட்டேன். நூரியா எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, நான் தூக்கிக்கறேன்னு கைய நீட்டுனா. நான் குடுக்கல. எனக்கென்ன அவ தயவு?

ராத்திரி நூரியா வீட்டுல படுத்தோம். அவங்கம்மா நல்ல பொம்பளைதான், அதைச் சொல்லித்தான் ஆகணும். ஆனா மூணு பேரும் இங்கிலீசுல பாதி அவங்க பாஷைல பாதி பேசிச் சிரிச்சா, நான் எங்க பாத்துட்டு உக்காந்திருக்கறது? இந்த வீட்டுல எங்கூட இருந்தப்ப அவ அப்படிச் சிரிச்சதே இல்ல. ஒரு நாளும் இல்ல.

ஞாயித்துக்கெழமை. ஒரு மைதானம், சுத்தியும் பழைய கட்டடம், நடுவுல கூட்டம்னா கூட்டம். எல்லாரும் வெள்ளைப் பேன்ட், ஒரே கலர்ல சட்டை. நம்ம நாயனமாட்டம் ஒன்னு ஊதறாங்க, கூட மேளம். சரி, தேர்த் திருவிழா மாதிரி ஓரமா நின்னு பாத்துட்டு வந்தர்லாம்னு நான் நெனச்சேன். பாத்தா, இவ அங்க அதே கலர் சட்டைய மாட்டிக்கிட்டு நிக்கறா.

கேளு. அடியில நிக்கறதுக்கு ஆளு நெறைய வேணுமாம். மேல ஏறறவங்களத் தாங்கறதுக்கு, விழுந்தாப் புடிக்கறதுக்கு. வெளியாளு யாரு வேணா அதுல சேந்துக்கலாமாம். இவ அதுக்காகவேதான் வந்திருக்கறா. எங்கிட்ட மூச்சு உடல. இடுப்புக்குப் புடிமானமா ஒரு கருப்புத் துணி, சேலை நீளத்துக்கு இருக்குது, அதை ஒரு ஆளு ஒரு முனைய இழுத்துப் புடிச்சுக்கறான், இவ இன்னொரு முனைய இடுப்புல வெச்சுக்கிட்டுச் சுத்திச் சுத்தி அவன்கிட்டப் போறா. நட்ட நடு மைதானத்துல. யாரு அந்த ஆளுன்னா நூரியாவோட அப்பாவாம். இருக்கட்டும், வயசு அறுபதா இருக்கட்டும். ஆம்பளைதான?

என்னையும் கூப்பிட்டாங்க. இல்லைன்னு சொல்ல மாட்டேன். அந்தப் பெரியவரே வந்து கையக் காட்டி வா வான்னாரு. கௌசிகாவும், "வா பிரதீபா, ஒன்னும் ஆகாது, நான் பக்கத்துல நிக்கறேன்"னா. நான் எப்படிப் போவேன்? முன்னாடி நிக்கறவன் முதுகுல நெஞ்ச வெச்சு அழுத்தணும், பின்னாடி நிக்கறவன் நம்ம முதுகுல. நான் அப்படி வளரல. பைய யாரு பாத்துக்கறதுன்னு கேட்டேன். அதுக்கு அவ போனை எங்கிட்டக் குடுத்து, "அடியில நிக்கறவங்க தலையக் குனிஞ்சேதான் நிக்கணுமாம், மேல நடக்கறது ஒன்னும் தெரியாது. நீ கோபுரத்த முழுசா வீடியோ எடு, நான் பொறவு பாக்கறேன்"ன்னா. என்ற போன்லயே எடுக்கறேன், அதுல தெளிவா இருக்கும்னேன். சரின்னு அவ போனை என்ற பைலயே போட்டுட்டுப் போனா.

போயிக் கூட்டத்துக்குள்ள நொழைஞ்சா. அம்புட்டுப் பேரும் நெருக்கித் தள்ளிக்கிட்டு, கையத் தூக்கி முன்னாடி ஆளு மேல வெச்சுக்கிட்டு, வட்டமா, பூட்டுப் போட்ட மாதிரி நிக்கறாங்க. நடுவுல இவ. முன்னாடி ஒரு தடியன், பின்னாடி ஒரு தடியன், ரெண்டு பக்கமும் ஆளுங்க. தலையக் குனிஞ்சு, கன்னத்த அந்த முன்னாடி ஆளு முதுகுல வெச்சு, கண்ண மூடிக்கிட்டு நிக்கறா. நாயனம் ஊத ஆரம்பிச்சுது. சுத்தியும் எல்லாரும் அண்ணாந்து பாக்கறாங்க. நான் அவளத்தான் பாத்தேன். அவளத்தான் எடுத்தேன். நான் யாரைப் பாத்துக்க வந்தேன்? மேல ஏறறவங்கள அவங்கவங்க அம்மா பாத்துக்கட்டும்.

அந்த நேரம் பாத்து ஆண்ட்டி கூப்பிட்டாங்க. "கௌசி போன் எடுக்க மாட்டேங்கறா கண்ணு, லைப்ரரிலயே இருக்கறாளா இன்னும்? சாப்பிட்டாளா?" எனக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயசுல இருந்தே வராது. இங்க ஒரே சத்தம், ஆண்ட்டிக்கும் கேக்குது, மேளம் அடிக்கற எடத்த லைப்ரரின்னு எப்படிச் சொல்லுவ? "நல்லா இருக்கறாளுங்க ஆண்ட்டி, பார்சிலோனா வந்திருக்கறோம், பயப்படாதீங்க, நீங்களே பாருங்க"ன்னு சொல்லி, எடுத்திருந்ததை அனுப்பி உட்டேன். புள்ள பத்தரமா இருக்கறான்னு தெரியட்டும்னுதான். நெஞ்சத் தொட்டுச் சொல்றேன், அதுக்காகத்தான். ஒரு தாய் கேக்கறாங்க, நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?

செத்த நேரத்துல கூட்டமெல்லாம் ஓன்னு கத்துச்சு, கை தட்டுச்சு. கூட்டம் கலைஞ்சு இவ வெளிய வந்தா. மூஞ்சியெல்லாம் செவந்து, தலை கலைஞ்சு, கன்னத்துல அந்த ஆளோட சட்டைத் தையல் பதிஞ்சு கெடக்குது. ஓடி வந்து என்னைய அப்படியே கட்டிப் புடிச்சுக்கிட்டா. "தாங்குனோம் பிரதீபா, அந்தப் பாரம் தோள் வழியா எறங்கறது தெரிஞ்சுது"ங்கறா. அழுகறாளா சிரிக்கறாளான்னு தெரியல. அவ அதுக்கு முன்னாடி என்னையத் தொட்டுப் பேசுனது கூடக் கெடையாது. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல, பைய மாத்தி மாட்டிக்கிட்டு நின்னேன்.

வீடியோவக் காட்டுன்னா. காட்டுனேன். பாத்தா. இன்னொருக்கா பாத்தா. "மேல ஏறினதெல்லாம் எங்க?"ன்னா. எடுக்கலைன்னேன். "என்னைய மட்டும் எதுக்கு எடுத்த?"ன்னு கேட்டா. அதுக்குள்ள பைல இருந்த அவ போன் அடிக்க ஆரம்பிச்சுருச்சு. அம்மா. அப்பறம் அவங்கண்ணன். அப்பறம் அப்பா. எடுக்க எடுக்க அவ மூஞ்சி வெளுத்துது. ஆண்ட்டி அவங்க பையனுக்கு அனுப்பியிருக்காங்க, அவன் யாருக்கு அனுப்புனானோ, சாயங்காலத்துக்குள்ள அது சத்தியமங்கலம் போயிச் சேந்துருச்சு. நானா சத்தியமங்கலத்துக்கு அனுப்புனேன்? அந்த நம்பரே எங்கிட்ட இல்ல.

திரும்பி வரப்ப பஸ்ஸுல வேற சீட்டுல போயி உக்காந்துக்கிட்டா. பார்டர்ல போலீஸ் ஏறுனப்ப வந்து கைய நீட்டுனா, பாஸ்போர்ட்டக் குடுன்னு. வீட்டுல போயித் தரேன், நீ தொலைச்சுருவன்னேன். நீட்டுன கைய அவ எடுக்கவே இல்ல. பஸ்ஸுல எல்லாரும் பாக்கறாங்க. குடுத்துட்டேன். அப்பறம் ஒன்னே ஒன்னுதான் கேட்டா: "உச்சிக்குப் போன அந்தக் கொழந்த கையத் தூக்குச்சா? அது கையத் தூக்குனாத்தான் கோபுரம் முடிஞ்ச கணக்கு." நான் பாக்கலைன்னேன். நெசமாவே பாக்கல. அதுல எதுக்குப் பொய் சொல்லணும்?

மாப்பிள்ளை வீட்டுல, பொறவு பாக்கலாம்னு சொல்லிட்டாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியும். அவங்கப்பா, படிச்சது போதும், டிக்கெட்டு போடறேன், வான்னாரு. வாக்குக் குடுத்தீங்களேப்பான்னு இந்தக் கட்டல்ல உக்காந்துதான் போன்ல கேட்டா. நான் சமையக்கட்டுல இருந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன். கத்தல, அழுகல. "முடிச்சுட்டுத்தான் வருவேன்"னா. அப்ப வராதேன்னு அவரு வெச்சுட்டாரு. அப்பவும் நாந்தான் தட்டுல சோறு போட்டுக் கொண்டு வந்து குடுத்தேன். தட்ட வாங்கிக் கீழ வெச்சுட்டு, பெட்டியக் கட்டுனா. "எங்கம்மாவுக்கு நீயே பதில் சொல்லிக்க, இத்தனை நாளா நீதான சொல்லீட்டு இருந்த"ன்னு சொல்லீட்டு, நூரியா ரூமுக்குப் போயிட்டா. நம்பரையும் மாத்திட்டா. யாருக்கும் குடுக்கல, எனக்கும் குடுக்கல.

இதுல நான் என்ன தப்புப் பண்ணேன்? சொல்லு. ஒரு பொய் சொன்னனா? இல்லாததை எடுத்தனா? அவ நின்னா, நான் எடுத்தேன். கேன்டீன்ல பாக்கறேன், நல்லாத்தான் இருக்கறா. அந்த நூரியா கூட்டத்தோட உக்காந்து, மேசை மேல கரண்டியையும் டம்ளரையும் அடுக்கிக் காட்டி எதையோ விளக்கீட்டு இருக்கறா. நான் தட்ட எடுத்துக்கிட்டுப் பக்கத்துல போனா, பேச்ச நிறுத்திர்றா. அம்மா எப்படி இருக்கறாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலாமில்ல? கேட்டா நான் சொல்ல மாட்டனா?

அங்க ஆண்ட்டிக்கு அவ இங்கிருந்து போனது தெரியாது. எப்படிச் சொல்றது? உன்னைய நம்பித்தான அனுப்புனேன்னு கேட்டா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசறது? அந்தப் பொம்பள சாப்பிடறதே இல்ல. மககூடப் பேசக் கூடாதுன்னு அவங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாராம். அவரு சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போற நேரம் பாத்து எனக்குக் கூப்புடுவாங்க, அன்னாடம். அங்க பொழுது எறங்கற நேரம், இங்க நம்ம மத்தியானச் சோத்து நேரம். அவ இங்கதான் இருக்கறா, கோவத்துல பேச மாட்டேங்கறான்னு சொல்லி வெச்சிருக்கேன். இன்னிக்குத் தக்காளிச் சோறு கேட்டா, ஆக்கிப் போட்டேன். தலைக்குத் தண்ணி ஊத்துனா. நேத்து நல்லாத் தூங்குனா. இப்படி ஏதாச்சும் சொல்லுவேன். அதைக் கேட்டுட்டுத்தான் அவங்க ஒரு வாய் சாப்பிடறாங்க. இதைப் போயிப் பொய்னு சொன்னா நான் என்ன பண்றது? இது தெகிரியம் சொல்றது. இப்பெல்லாம் அவங்க முட்டி வலி, தறி நின்னு போனது, மருமக பேசுன பேச்சு, எல்லாம் எங்கிட்டத்தான் சொல்றாங்க. பெத்த மககிட்டக்கூட அப்படிப் பேசியிருக்க மாட்டாங்க.

பாத்தியா, சொல்லி வாய மூடல, போன் அடிக்குது, அவங்கதான். இரு. எந்திரிக்காத. சத்தம் போடாத.

"சொல்லுங்க ஆண்ட்டி… சாப்பிட்டாச்சுங்க. அவளும் சாப்பிட்டா… ஆமாங்க, இங்கதான் இருக்கறா, ரூமுலதான்… இல்லைங்க ஆண்ட்டி, இப்ப அத்தனை கோவமில்லைங்க, கொஞ்சம் எறங்கி வந்திருக்கறா… அழுகாதீங்க. ஆண்ட்டி, நீங்க அழுதா நான் வெச்சுருவேன்… ஒரு வார்த்தையா? அவ பேச மாட்டாளுங்க… சரி, பேச வேண்டாங்களா? கொரல் கேட்டாப் போதுங்களா?… இருங்க, லைன்லயே இருங்க, கேட்டுப் பாக்கறேன்."

ஏ புள்ள, இங்க வா. போன்ல கை வெச்சு மூடியிருக்கேன், அங்க கேக்காது. நான் கௌசின்னு கூப்பிட்டு, அம்மா இருக்கறாங்கடின்னு சொல்லுவேன், நீ ம்னு சொல்லு. வேற ஒன்னும் பேசாத. உன்ற கொரலு கீச்சுன்னு இருக்குது, அவளுக்குக் கொஞ்சம் தடிச்ச கொரலு. பரவால்ல, சளி புடிச்சிருக்குதுன்னு நான் சொல்லிக்கறேன். எங்க போற? செருப்பு எங்கயும் ஓடிப் போகாது. அவரு பால் ஊத்தீட்டு வந்துருவாரு, நேரமில்ல, அந்தப் பொம்பள அங்க காத்துக்கிட்டு இருக்குது. இப்படிக் கிட்ட வா. ம்னு மட்டும் சொல்லு.